டயாலிசிஸ் அறை அசைந்த காலை

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் எட்டுக் கட்டில்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடி அது. நான் அங்கே பதினோரு வருடமாக நர்ஸ். கடைசி நான்கு வருடமாகப் பிரிவின் பொறுப்பும் என்னுடையது. ஒரு நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றொன்றின் வழியாக உடம்புக்குள் திரும்பும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் என்ன நடந்தாலும் அவரால் எழுந்து ஓட முடியாது. அதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை.

மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் வாங்குவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்தபோது ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. தீ, மின்சாரம், தொற்று என்று தனித்தனியாகக் கேள்விகள். கடைசி இரண்டு பக்கங்கள் நிலநடுக்கத்துக்கு. கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்று அதில் கேட்கவில்லை. கட்டடத்துக்குள் இருப்பவற்றைத்தான் கேட்டார்கள். பீரோக்கள் சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா? ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குச் சங்கிலி உண்டா? நோயாளியின் தலைக்கு மேல் கனமான பொருள் ஏதும் இருக்கிறதா? வெளியேறும் வழியில் எதுவும் அடுக்கப்பட்டிருக்கிறதா? சுவர் நின்றாலும் உள்ளே இருப்பது சரிந்து ஆளைக் காயப்படுத்தும் என்று மேலே ஒரு வரி இருந்தது.

முதல் வருடம் இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்த இடைவேளையில், நின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகக் குறித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் கட்டிலுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவின் மேல்தட்டிலிருந்து சலைன் பாட்டில் பெட்டியை எடுக்க அட்டெண்டர் அக்கா முயன்றார். பெட்டி சிக்கிக்கொண்டது. இழுத்தார். பெட்டியோடு பீரோவும் முன்னால் சாய்ந்தது. கனமானதையெல்லாம் மேல்தட்டில் வைத்திருந்தோம். கீழே பஞ்சும் துணியும்தான். பீரோ வந்து கட்டிலின் பக்கக் கம்பியில் விழுந்து நின்றது. கட்டிலில் இருந்தவர் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் அம்மா. ஊசி குத்தியிருந்த அவருடைய கைக்கும் பீரோவின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "சிஸ்டர், இத நிமித்துங்க," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அவருடைய ரத்த அழுத்தம் இறங்கி, கால்களை உயர்த்தி வைக்க வேண்டியதாகிவிட்டது.

அன்று வேலை முடிந்ததும் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். "பீரோக்கள் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கின்றனவா?" என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று என் கையெழுத்து.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய பேச்சு இப்போதும் காதில் இருக்கிறது.

"சிஸ்டர், இங்கன எங்க பூமி ஆடப்போவுது? இதெல்லாம் வடக்கேயும் அந்தமானுக்கும் எழுதுனது. நமக்கு மலை அணைவா நிக்கி."

"நேத்து பூமி ஆடாமலே பீரோ விழுந்துட்டு, அண்ணாச்சி."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "யாரு மேலயும் விழலயே?"

"கட்டில் கம்பி பிடிச்சுக்கிட்டு. இல்லன்னா டீச்சர் கை போயிருக்கும்."

"ஆள் அனுப்புதேன்," என்றார். அனுப்பவும் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் பிரிவு வேலைத்தலம் போல இருந்தது. வெல்டர் வந்து பீரோக்களைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார். மூன்றாம் கட்டிலின் நேர் மேலே தொங்கிய டிவி இரண்டு கட்டில்களுக்கு நடுவில் இருந்த சுவருக்குப் போனது. சிலிண்டருக்குச் சங்கிலி வந்தது. தரையில் கிடந்த மின்சாரப் பலகைகளை எலக்ட்ரீஷியன் இடுப்பு உயரத்தில் சுவரில் பொருத்தினார். ஸ்ட்ரெச்சர் இறங்கும் சாய்தளத்தை மறித்து அடுக்கியிருந்த மருந்துக் கேன்களை நானும் டெக்னீஷியனும் ஒவ்வொன்றாகப் பின்பக்க அறைக்குத் தூக்கிப்போனோம். டெக்னீஷியன் வீரகேரளம்புதூர்க்காரர், நாற்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு இயந்திரத்தின் சக்கரத்துக்கும் பூட்டு விழுகிறதா என்று அவரே காலால் மிதித்துப் பார்த்தார். இரண்டு பூட்டு உடைந்திருந்தன.

அடுத்தது பயிற்சி. அவசரத்தில் நோயாளியை இயந்திரத்திலிருந்து பிரிக்க ஒரு வழி உண்டு. ரத்தம் ஓடும் குழாய்களில் கவ்விகள் இருக்கும். நாங்கள் கிளாம்ப் என்போம், நோயாளிகள் கிளிப்பு என்பார்கள். ஊசிப் பக்கம் இரண்டு, இயந்திரப் பக்கம் இரண்டு. நான்கையும் மூடிய பிறகு நடுவில் திருகிக் கழற்றினால் ஊசிகள் கையிலேயே இருக்க, ஆள் மட்டும் வெளியே வரலாம். குழாய்களில் நிற்கும் ரத்தம் இயந்திரத்தோடு போய்விடும். ஆளுக்கு ஒரு டம்ளர் இருக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்களுக்கு அந்த ஒரு டம்ளர் பெரிய விஷயம். அதனால்தான் அதைக் கடைசி வழியாக வைத்திருந்தோம்.

பழைய குழாய்களைக் கொடுத்து ஒவ்வொருவரையும் ஒரே கையால் செய்து பார்க்கச் சொன்னேன். டீச்சர் முதல் தடவையே பிசகில்லாமல் செய்தார். ஐந்தாம் கட்டில்காரர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். அவருக்குப் பொறுமை இல்லை.

"நாலு மணி நேரம் கெடக்குததே பெரும்பாடு. இதுல இந்த வெளாட்டு வேறயா? நீங்க எதுக்கு இருக்கிய?"

"அந்த நேரம் நான் வேற கட்டில்ல நின்னா என்ன செய்விய, அண்ணாச்சி?"

"கூப்பிடுவேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் குழாயை வாங்கி மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் கடைசிக் கிளிப்பைப் பாதி மூடியே விட்டார்.

பயிற்சி நடக்கும்போது நோயாளிகளோடு வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டேன். அவர்கள் உள்ளே இருந்தால் ஆளுக்கொரு கேள்வி, சத்தம், சிரிப்பு. நோயாளிகள் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. பிரிவுக்குப் பக்கத்து அறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமும், சுத்தமான தண்ணீருக்கு இரண்டு பெரிய தொட்டிகளும் இருந்தன. தொட்டிகள் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தன. ஸ்டாண்டின் கால்கள் டைல்ஸ் மேல் சும்மா நின்றன. அங்கிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து, கட்டில்களுக்குப் பின்னால் ஓடி எல்லா இயந்திரங்களுக்கும் தண்ணீர் கொடுக்கும். ஸ்டாண்டைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், குழாய் சுவரைத் தொடும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்பு வைக்க வேண்டும். அதற்குப் பிளம்பர் வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. லாட்ஜுகள் எல்லாம் அந்தப் பிளம்பரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

சான்றிதழுக்காகப் பார்வையிட வருகிறவர்கள் சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் படிவத்தோடு மாடிக்கு வந்தார்.

"எல்லாம் முடிஞ்சுட்டுல்லா, சிஸ்டர்?"

"தொட்டி பாக்கி இருக்கு, அண்ணாச்சி."

"திங்கக்கெழம கண்டிப்பா வாரேன்னு சொல்லியிருக்கான். அத 'ஆம்'னு போட்டுருங்க. ரெண்டு நாள்தான. இல்லன்னா இது ஒண்ணுக்காக மறுபடியும் எல்லாரும் அலையணும்."

நான் யோசித்தேன். மற்ற எல்லாவற்றையும் உண்மையாகச் செய்திருந்தோம். இரண்டு நாள் முந்தி எழுதுவதில் என்ன வந்துவிடும் என்று தோன்றியது. குறித்தேன். பார்வையிட வந்தவர்கள் பீரோவை அசைத்துப் பார்த்துப் பாராட்டினார்கள். தொட்டி அறைக்குள் அவர்கள் போகவில்லை. திங்கட்கிழமை பிளம்பர் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அறையைக் கடந்து போகும்போதெல்லாம் ஸ்டாண்டின் கால்கள் கண்ணில் படும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அன்று காலையிலிருந்தே சாரல். ஜன்னல் கண்ணாடியில் மலை தெரியவில்லை. முதல் ஷிப்டில் எட்டுக் கட்டிலும் நிறைந்திருந்தன. ஆறரைக்குத் தொடங்கியது, ஒன்பதேகால் இருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற கணக்கில் நான் ஏழாம் கட்டிலின் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தேன். என்னோடு இன்னொரு நர்ஸும் டெக்னீஷியனும் இருந்தார்கள். நோயாளிகளோடு வந்தவர்கள் கீழே போர்ட்டிகோவில் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கல்குவாரியில் வெடி வைத்தது போலத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. அந்தச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது நிற்கவில்லை. என் கணுக்காலில் ஒரு நடுக்கம் ஏறியது. மேசையில் இருந்த ஸ்டீல் தட்டு தானாகக் கிணுகிணுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். எட்டு ஸ்டாண்டிலும் தொங்கிய சலைன் பாட்டில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாகத் திரும்பின.

"ட்யூப பிடிச்சுக்கிடுங்க," என்றேன். "ஊசி போட்ட கைய அசைக்காதிய. தலவாணிய தலைக்கு மேல வைங்க. யாரும் எந்திரிக்காதிய."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் ஏழாம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பீரோவுக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசின. பீரோ முனகியது, சுவரை விட்டு வரவில்லை. இயந்திரங்கள் இருந்த இடத்திலேயே நின்றன. ஐந்து நொடியோ, எட்டு நொடியோ. பிறகு நின்றது.

கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தமும் ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டன. அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது அசைவு வந்தது. முதலாவதைவிடக் குறைந்த நேரம், ஆனால் ஓங்கிக் குத்தியது போல. பக்கத்து அறையில் இரும்பு டைல்ஸைக் கீறும் சத்தம். அடுத்து ஒரு வெடிப்பு. கதவருகே மேற்கூரையின் அட்டைப் பலகை ஒன்று விழுந்து உடைந்தது. மின்சாரம் போனது. எட்டு இயந்திரங்களும் பேட்டரிக்கு மாறி, ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின. சுவர்த் துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு, கட்டில்களுக்குப் பின்னால் பரவியது.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய முதல் விஷயம் ஜெனரேட்டர். சில நொடிகளில் அது தானாக ஓடத் தொடங்கும். ஈரத் தரையில் நிற்கும் இயந்திரங்களுக்கு மின்சாரம் திரும்பி வரும்.

"பேனல அணைங்க," என்று டெக்னீஷியனைப் பார்த்துக் கத்தினேன். அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். பேனல் கதவுக்கு அந்தப் பக்கம். தண்ணீரைத் தாண்டி, உடைந்த பலகையை மிதித்துப் போனார். மெயின் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. அடுத்த கணமே கீழே ஜெனரேட்டர் உறுமியது. அறையில் விளக்கு எரியவில்லை. அந்த மங்கல் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"தண்ணி வால்வ மூடப் போறேன்," என்று அவர் குரல் மட்டும் வந்தது.

பேட்டரியில் இயந்திரம் சில நிமிடங்கள் ஓடும். அதற்குள் ரத்தத்தை மெதுவாக உடம்புக்குத் திருப்பி ஏற்றலாம். ஆளுக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். நாங்கள் இரண்டு பேர், நோயாளிகள் எட்டு. தண்ணீர் என் செருப்பை நனைத்துவிட்டது. மூன்றாவது அசைவு வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த ஒரு டம்ளர் ரத்தத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"எல்லாரையும் கழத்துதோம். நீ ஒண்ணாம் கட்டில்ல இருந்து வா. நான் எட்டுல இருந்து வாரேன்," என்று மற்ற நர்ஸிடம் சொன்னேன்.

எட்டை முடித்தேன். ஏழை முடித்தேன். விரல்கள் பழக்கத்தில் வேலை செய்தன. ஆறாம் கட்டிலுக்குத் திரும்பும்போது கதவு வழியாக ஒரு பெண் உள்ளே ஓடி வந்தார். ஆறாம் கட்டில்காரரின் மனைவி. ஆய்க்குடியில் ஒரு பள்ளியின் சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்ப்பவர். கீழே எல்லோரும் சாலையைப் பார்த்து ஓடியபோது, அவர் ஒருவர் மட்டும் படியேறி உள்ளே வந்திருக்கிறார்.

"எந்திரிங்க, கட்டடம் விழப்போவுது," என்று கணவரின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதிய, அக்கா," என்றேன். அவர் காதில் விழவில்லை. அல்லது நான் சொன்னது தாமதம். அவர் கணவர் பாதி எழுந்துவிட்டார். ஊசி ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து தயாராக்கிய கையில் ரத்தம் மெதுவாக வராது. பீச்சி அடிக்கும். என் கண்ணாடியில் தெறித்தது. நான் பாய்ந்து கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினேன். மறு கையால் மற்ற ஊசியின் கிளாம்பை மூடினேன்.

"அக்கா, இங்கன வாங்க. என் வெரலு இருக்குத எடத்துல நீங்க அமுக்குங்க. நான் மத்தவங்கள பாக்கணும்."

அவர் கையை நீட்டினார். கை நின்றால்தானே. விரல்கள் முழுக்க உதறின. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் விரலை எடுத்தால் அவர் கணவர் போய்விடுவார். எடுக்காவிட்டால் நான்காம் கட்டிலும் ஐந்தாம் கட்டிலும் அப்படியே கிடக்கும். மற்ற நர்ஸ் இரண்டாம் கட்டிலில் மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கே நோயாளிக்கு வாந்தி. மூன்றாம் கட்டிலையும் இன்னும் அவள்தான் முடிக்க வேண்டும்.

"சிஸ்டர்." ஐந்தாம் கட்டிலிலிருந்து கமிஷன் கடைக்காரர். "நான் என்னத போட்டுக்கிடுதேன். நீங்க அங்கனயே நில்லுங்க."

"ஊசிப் பக்கம் ரெண்டு," என்றேன்.

"தெரியும்." ஒரு கிளிப். இரண்டாவது. இயந்திரப் பக்கம் ஒன்று. நான்காவதை மூடிவிட்டுத் திருகிக் கழற்றினார். அவர் வேட்டியில் ரத்தம் சொட்டியது.

"கடைசி கிளிப்பு மூடல, அண்ணாச்சி. நல்லா அமுக்குங்க."

திட்டிக்கொண்டே அமுக்கினார். சொட்டுவது நின்றது. பிறகு நான்காம் கட்டிலைப் பார்த்தார். பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகச் செய்த டீச்சர், குழாயை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் திறக்கவில்லை.

கமிஷன் கடைக்காரர் தன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார். "டீச்சர், என்னயப் பாருங்க. எனக்கே வந்துட்டு, உங்களுக்கு வராதா? ஊசிப் பக்கம் ஒண்ணு. ஆங். இன்னொண்ணு. இப்ப அங்கிட்டு ரெண்டு."

டீச்சர் கண்ணைத் திறந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மூடினார்.

மேனேஜர் இரண்டு சக்கர நாற்காலிகளோடு சாய்தளம் வழியாக மேலே வந்தார். பின்னால் வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேனேஜரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் கட்டில்காரரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு இறங்கினார். நடக்க முடிந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டில் குனிந்தபடியே கூட நடந்தேன். கீழே போர்ட்டிகோ வரும்வரை கட்டைவிரலை எடுக்கவில்லை. ஆறாம் கட்டில்காரரின் மனைவி என் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் அழும் சத்தம் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

போர்ட்டிகோவுக்குள் சாரல் சாய்வாக அடித்தது. எட்டு பேரையும் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். சிறுநீரக டாக்டர் ஓடி வந்து, ஆறாம் கட்டில்காரருக்கு அங்கேயே சலைன் ஏற்றத் தொடங்கினார். அவருக்கு அழுத்தம் எண்பதுக்குக் கீழே இருந்தது. உதடு வெளுத்திருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் கண்ணைத் திறந்து, "செருப்பு மேல கெடக்கு," என்றார். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் என் கை வலிப்பது தெரிந்தது.

டெக்னீஷியன் முழங்கால்வரை நனைந்து இறங்கி வந்தார். நெற்றியில் சின்ன வெட்டு.

"ஸ்டாண்டு நாலு விரக்கட நகந்துட்டு, சிஸ்டர்," என்றார். "குழாய் சொவத்துல அப்படியே ஒடிஞ்சுட்டு. மத்தது ஒண்ணும் ஆவல. பீரோ, டிவி, எல்லாம் அப்படியே நிக்கி."

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பூமி அசையவில்லை. மதியம் யாரோ கைபேசியில் செய்தியைக் காட்டினார்கள். தென்காசிப் பகுதியில் லேசான நில அதிர்வு, சேதம் எதுவும் இல்லை என்று இருந்தது. கட்டடத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. அது உண்மைதான். நான் அப்போது வாஷ்பேசினில் என் கண்ணாடியில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. அன்றைய இரண்டாம் ஷிப்டுக்கும் மறுநாளைக்குமாகச் செங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் உள்ள மருத்துவமனைகளைக் கூப்பிட்டு இடம் கேட்டோம். மாலைவரை அதே வேலை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறையில் கூட்டம். மேசையில் அந்தப் படிவம் இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரியைத் தேடினார்.

"தொட்டி, குழாய் எல்லாம் பொருத்தியாச்சுன்னு இருக்கே?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். "பொருத்தல, சார். நான்தான் 'ஆம்'னு போட்டேன்."

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இன்னைக்கு அந்தத் தொட்டிய யாரு கட்டப்போறா?" என்றார். அவ்வளவுதான். அன்று மதியமே செங்கோட்டையிலிருந்து வேறொரு பிளம்பர் வந்தார். போல்ட் இறங்கும்வரை மேனேஜர் தொட்டி அறையிலேயே நின்றார். பெரிய டாக்டர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆறாம் கட்டில்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை வீங்கி, அறுவை செய்த ரத்தக்குழாய் அடைத்துப்போனது. கழுத்தில் குழாய் வைத்துத்தான் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. மறு கையில் புதிதாக அறுவை செய்தார்கள். அது தயாராகச் சில மாதம் ஆகும். அவர் மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கதவருகே விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவார். நானும் அந்த நேரத்தில் ஏதாவது வேலையாகத் திரும்பிக்கொள்வேன். அவர் இழுத்ததுதான் காரணம் என்று பிரிவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, சில நாட்கள் மறுக்காமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் தண்ணீர் வந்திருக்காவிட்டால் நான் யாரையும் கழற்றியிருக்க மாட்டேன். கதவருகே நின்று வருகிறவர்களைத் தடுத்திருப்பேன். அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரும் நேரத்தில் வெளியே அனுப்பியது நான்.

ஒரு நாள் நானே கீழே இறங்கி, போர்ட்டிகோ பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டி விஷயத்தைச் சொன்னேன். படிவத்தையும் சொன்னேன். அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் மட்டும் இல்ல," என்றார் கடைசியில்.

"இல்ல, அக்கா."

"எல்லாரும் வெளிய ஓடுதாவ. அவரு மேல கெடக்காரேன்னுதான் வந்தேன்."

"தெரியும்."

சற்று நேரம் சாலையில் போன பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கேட்டார். "இங்கன நீங்க இருக்கிய. வீட்ல இருக்கும்போது வந்தா நான் என்ன செய்யணும், சிஸ்டர்? அவரு கட்டிலுக்கு நேர் மேல பரண்தான் இருக்கு."

அதற்கு என்னிடம் படிவம் எதுவும் இல்லை. "ஞாயித்துக்கெழம வாரேன்," என்றேன்.

ஆய்க்குடியில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. கட்டிலை நகர்த்தலாம் என்று முதலில் பார்த்தோம், இடமில்லை. ஆகவே பரணைக் காலி செய்வது என்று முடிவானது. அவர் ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுக்க, நான் கீழே நின்று வாங்கினேன். சீதனமாக வந்த பித்தளைக் குடம், இரண்டு பெரிய தவலை, ஓடாத மிக்ஸி, செங்கல் ஒன்று. செங்கல் ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த அவர் கணவர், கழுத்துக் குழாய் அசையாதபடி தலையை மட்டும் திருப்பி, எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பித்தளைக் குடத்தை அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது, கறுத்துவிடும் என்றார்.

"நீங்க சும்மா கெடங்க," என்றார் அவர் மனைவி, ஸ்டூலின் மேலிருந்து. இரண்டாவது தவலையை நீட்டினார். கனமாக இருந்தது. இந்தத் தடவை அவர் கை உதறவில்லை. நான் சரியாகப் பிடித்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்.